அறுகோணத்தின் நடுவில் ஒரு துளி முக்கோணம்

போனில் யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் என் கை தானாக ஒரு அறுகோணம் வரையும். சிலர் பூ போடுவார்கள், சிலர் தங்கள் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், எனக்கு அறுகோணம். வரைந்து முடித்ததும் கை சும்மா இருக்காது, ஒவ்வொரு முனையிலிருந்தும் மற்ற முனைகளுக்குக் கோடு இழுக்கத் தொடங்கிவிடும். மொத்தம் ஒன்பது கோடுகள். அவற்றில் எதிரெதிர் முனைகளைச் சேர்க்கும் மூன்று நீளக் கோடுகளும் நட்டநடுவில் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். கையால் போடும் படத்தில் அது ஒருநாளும் நடப்பதில்லை. எங்கேயோ ஒரு கோடு மயிரிழை விலகும், நடுவில் எள் அளவுக்கு ஒரு முக்கோணம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் பேச்சு ரொம்பவே நீண்டுவிட்டது, கோடுகள் அறுகோணத்தை எத்தனை துண்டாக வெட்டியிருக்கின்றன என்று எண்ணினேன். 25. அப்புறம் கவராயத்தை எடுத்து ஒழுங்கான அறுகோணம் ஒன்று போட்டு எண்ணினால் 24. காணாமல் போன ஒரு துண்டு அந்த எள்தான். இதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் நாலு கோடு இழுத்தால் துண்டுகளின் எண்ணிக்கை "எவ்வளவு நேராக வரைந்தாய்" என்பதைப் பொறுத்து மாறும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தலில்தான் மூலைவிட்டங்கள் பக்கம் போனேன், இன்னும் திரும்பி வரவில்லை.

பள்ளியில் மூலைவிட்டம் என்றால் ஒரு சூத்திரம், அதோடு சரி. பக்கங்களின் எண்ணிக்கை ப என்றால் மூலைவிட்டங்களின் எண்ணிக்கை ப × (ப − 3) ÷ 2. ஒரு முனையிலிருந்து தனக்கே கோடு போட முடியாது, இரண்டு பக்கத்திலும் ஒட்டியிருக்கும் முனைகளுக்குப் போட்டால் அது பக்கம்தான், ஆக மூன்று போக மிச்சம் எல்லாம் மூலைவிட்டம். எல்லா முனைகளுக்கும் இப்படி எண்ணினால் ஒவ்வொரு கோட்டையும் அதன் இரண்டு முனைகளிலிருந்தும் எண்ணியிருப்போம், அதனால் பாதி. தேர்வில் பாதிப் பேர் தவறவிடுவது இந்தப் பாதியைத்தான். முக்கோணத்துக்கு 0, நாற்கரத்துக்கு 2, ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 9, பிறகு 14, 20, 27, 35. பக்கங்களும் மூலைவிட்டங்களும் ஒரே எண்ணிக்கையில் இருப்பது ஐங்கோணத்தில் மட்டும்தான்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது, அது கூடிக்கொண்டு போகும் விதம்: 2, 3, 4, 5, 6 என்று. அறுகோணத்தில் ஒரு முனையைக் கூட்டி எழுகோணம் ஆக்கினால் புது முனையிலிருந்து நாலு மூலைவிட்டம் கிளம்புகிறது, சரி, 9 + 4 என்றால் 13 தானே வரும், 14 எப்படி? புது முனை எந்தப் பக்கத்துக்கு வெளியே முளைத்ததோ அந்தப் பழைய பக்கம் இப்போது உள்ளே போய் மூலைவிட்டமாகிவிட்டது. நேற்று வரை வேலியாக இருந்த கோடு இன்று வீட்டுக்குள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவனுக்கு இது தெரிய வழியே இல்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டத்தைக் குறுக்கே நடுவழியாக வெட்டும் கோட்டுக்கும் விட்டம் என்கிறோம், கூரையைத் தாங்கச் சுவருக்குச் சுவர் போடும் உத்தரத்துக்கும் விட்டம் என்கிறோம். மூலைக்கு மூலை போட்ட விட்டம் மூலைவிட்டம். இந்த இரண்டாவது பொருள், அதாவது தாங்கும் மரம் என்ற பொருள், எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் மூலைவிட்டத்தின் முதல் வேலையே உருவத்தை ஆடாமல் நிறுத்துவதுதான்.

நாலு குச்சிகளை முனையில் ஆணியடித்துச் சதுரமாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளினால் சாய்சதுரமாகப் படுத்துக்கொள்ளும். நாலு பக்கமும் அதே நீளம்தான், எதுவும் வளையவில்லை, ஆனாலும் உருவம் போய்விட்டது. பக்கங்களின் நீளம் தெரிந்தால் நாற்கரம் தெரிந்துவிடும் என்று நாம் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருக்கிறோம். தள்ளும்போது மாறுவது மூலைவிட்டங்கள்: ஒன்று குறுகக் குறுக மற்றது நீளும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, இரண்டு மூலைவிட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது, நாலு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவதற்குச் சமம், எவ்வளவு தள்ளினாலும். இணைகரம் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். ஒரு மூலைவிட்டத்தின் இடத்தில் ஐந்தாவது குச்சியை அடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

ஐங்கோணச் சட்டம் நிற்க இரண்டு குச்சி வேண்டும், அறுகோணத்துக்கு மூன்று. பொதுவாக ப − 3. ஒரு முனையிலிருந்து கிளம்பும் மூலைவிட்டங்களின் எண்ணிக்கையும் இதே ப − 3 தான், இது தற்செயல் இல்லை, ஒரு முனையிலிருந்து எல்லா மூலைவிட்டங்களையும் விசிறி மாதிரி இழுத்தால் பலகோணம் ப − 2 முக்கோணங்களாகிவிடும், முக்கோணம் ஆடாது. பலகோணத்தின் உட்கோணங்களின் கூடுதல் (ப − 2) × 180 பாகை என்று படித்தோமே, அதுவும் இந்த விசிறியிலிருந்து வந்ததுதான். ஆனால் மூன்று குச்சியை எங்கே வேண்டுமானாலும் அடித்தால் அறுகோணம் நிற்காது. நடுவில் ஒரு நீளக் குச்சியை அடித்து, அதன் ஒரு பாதிக்குள்ளேயே மற்ற இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக அடித்தால் அந்தப் பாதி தேவைக்கு மேல் இறுகி, மற்ற பாதி ஆடிக்கொண்டிருக்கும். ஒன்றையொன்று வெட்டாத மாதிரி மூன்றை அடித்தால் எப்படி அடித்தாலும் நிற்கும்.

எத்தனை விதமாக அப்படி அடிக்கலாம்? நாற்கரத்தை வெட்டாத மூலைவிட்டங்களால் முக்கோணங்களாக்க 2 வழி, ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 14, எழுகோணத்துக்கு 42, எண்கோணத்துக்கு 132. கணிதர் ஆய்லர் 1751இல் கோல்ட்பாக் என்ற இன்னொரு கணிதருக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண்களைப் பற்றிப் பேசுகிறார். பிற்பாடு 1838இல் இதைப் பற்றி எழுதிய கத்தலான் என்பவரின் பெயர்தான் எண்களுக்கு ஒட்டிக்கொண்டது, பெயர் வைக்கும் விஷயத்தில் கணிதம் எப்போதுமே இப்படித்தான். 20 பக்கம் என்றால் 47 கோடியே 76 லட்சத்துச் சொச்சம் வழிகள். மொத்தமே 170 மூலைவிட்டம் உள்ள ஒரு உருவத்துக்கு! அறுகோணத்தின் 14 வழிகளையும் விடாமல் வரைந்து முடிப்பதே ஒரு நல்ல பொழுதுபோக்கு, எனக்கு முதல் தடவை 12தான் கிடைத்தது, நடுவில் முக்கோணம் வரும் இரண்டையும் விட்டுவிட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே புடைத்த, குவிவுப் பலகோணங்களுக்கு. எங்காவது உள்ளே குழிந்துவிட்டால் கதை மாறுகிறது. அம்புமுனை மாதிரி ஒரு நாற்கரம் வரையுங்கள், அதன் ஒரு மூலைவிட்டம் உருவத்துக்கு வெளியே நிற்கும். எண்ணிக்கைச் சூத்திரம் அப்போதும் சரிதான், ஆனால் கோடு உள்ளே போகிறதா, வெளியேயா, பாதி உள்ளே பாதி வெளியேயா என்று உத்தரவாதம் கிடையாது. அப்படியானால் எல்லா மூலைவிட்டங்களும் வெளியே போய்விடும் அளவுக்குக் கோணல்மாணலாக ஒரு உருவத்தை வரைய முடியுமா என்று நான் ஒரு சாயங்காலம் முழுக்க முயன்றேன். முடியாது. முக்கோணத்தைத் தவிர எந்தப் பலகோணத்துக்கும் குறைந்தது ஒரு மூலைவிட்டமாவது முழுசாக உள்ளே இருந்தே தீரும்.

காரணம் சின்னதுதான். ஆக இடப்பக்கம் இருக்கும் முனையை எடுத்துக்கொண்டு, அதன் இரண்டு பக்கத்து முனைகளையும் சேர்த்துக் கோடு போடுங்கள். அது உள்ளே இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் வேறு ஏதோ முனை அந்த முக்கோணத்துக்குள் மூக்கை நுழைத்திருக்கிறது அல்லது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது என்று அர்த்தம். அப்படி வந்து நிற்பவற்றில், இப்போது போட்ட கோட்டிலிருந்து ஆகத் தூரத்தில் இருக்கும் முனையைப் பிடித்து இடப்பக்க முனையோடு சேர்த்துவிடுங்கள், குறுக்கே வர யாரும் மிச்சமில்லை. ஒரு கோடு கிடைத்தால் உருவம் இரண்டாகும், இரண்டிலும் மறுபடி ஒவ்வொரு கோடு, இப்படியே எந்தக் கோணல் உருவத்தையும் முக்கோணங்களாக அறுத்துவிடலாம். கணினி விளையாட்டுகளில் தெரியும் மலையும் முகமும் எல்லாம் முக்கோணங்களாக அறுத்த பிறகுதான் திரைக்கு வருகின்றன, அடியில் நடப்பது இதே வேலை.

அருங்காட்சியகக் காவலர் கணக்கும் இங்கே நிற்கிறது. 1973இல் விக்டர் கிளீ என்ற கணிதர் கேட்டார்: பலகோண வடிவ அரங்கு ஒன்றின் எல்லா இடமும் யாராவது ஒருவர் கண்ணில் பட எத்தனை காவலர்கள் போதும்? பக்க எண்ணிக்கையை மூன்றால் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் அத்தனை பேர் எப்போதும் போதும் என்று க்வாட்டல் 1975இல் நிறுவினார். 12 சுவர் என்றால் 4 பேர், அரங்கு எவ்வளவு மடங்கி மடங்கிப் போனாலும். 1978இல் ஃபிஸ்க் கொடுத்த நிரூபணம் இன்னும் அழகு. அரங்கை உள் மூலைவிட்டங்களால் முக்கோணங்களாக்கு, ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைக்கும் மூன்று வேறு நிறம் வரும்படி முனைகளுக்கு வண்ணம் அடி, எந்த நிறம் குறைவாக இருக்கிறதோ அந்த முனைகளில் ஆளை நிறுத்து. ஒவ்வொரு முக்கோணத்திலும் அந்த நிறம் ஒன்று இருக்கிறது, அதனால் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு ஆள் இருக்கிறார். இதற்கு மேல் என்ன சொல்ல? (தளத்தைவிட்டு முப்பரிமாணத்துக்குப் போனால் இந்த வசதியெல்லாம் போய்விடும். உள்ளே ஒரு மூலைவிட்டம்கூட இல்லாத, நான்முகிகளாக அறுக்கவே முடியாத ஒரு பன்முகியை ஷோன்ஹார்ட் 1928இலேயே காட்டிவிட்டார்.)

நாற்கரங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே பாடப்புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும், செவ்வகத்தில் சம நீளம், சாய்சதுரத்தில் செங்குத்து, சதுரத்தில் எல்லாமே என்று ஒரு அட்டவணை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தலைகீழாகச் சொல்லியிருந்தால் மனப்பாடமே தேவைப்பட்டிருக்காது. இரண்டு குச்சிகளை எடுத்துக் குறுக்கே வையுங்கள், நாலு நுனிகளையும் நூலால் சுற்றுங்கள், அவ்வளவுதான். இரண்டும் நடுவில் சந்தித்தால் இணைகரம். அதிலேயே குச்சிகள் சம நீளமாக இருந்தால் செவ்வகம், செங்குத்தாக இருந்தால் சாய்சதுரம், இரண்டும் சேர்ந்தால் சதுரம். ஒரு குச்சி மட்டும் நடுவில் வெட்டப்பட்டுச் செங்குத்தாகவும் இருந்தால் பட்டம். இரண்டு சம நீளக் குச்சிகளை நடுவில் வைக்காமல், இரண்டையும் ஒரே அளவு தள்ளி வைத்தால் இருசமபக்கச் சரிவகம். நூல் தானாக உருவத்தைச் சொல்லும்.

கடைசியில் சொன்ன சரிவகத்திடம் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு பலகைக்குச் சட்டம் அடித்தேன், செவ்வகமாக வந்திருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்தேன். இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் சமம். சந்தோஷமாகப் பசை போட்டு ஒட்டியும்விட்டேன். மறுநாள் பலகை உள்ளே போகவில்லை. அளந்தால் கீழ்ச்சட்டம் 60 செ.மீ., மேல்சட்டம் 58, ஒரு கட்டையைத் தப்பாக அறுத்திருக்கிறேன். சட்டம் அழகான இருசமபக்கச் சரிவகம், அதற்கும் மூலைவிட்டங்கள் சமம்தானே! மர வேலை, கட்டட வேலை தெரிந்தவர்கள் முதலில் எதிர்ப்பக்கங்கள் சமமா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் மூலைக்கு மூலை பிடிப்பார்கள். எதிர்ப்பக்கங்கள் சமம் என்றால் இணைகரம், இணைகரத்தில் மூலைவிட்டமும் சமம் என்றால்தான் செவ்வகம். இரண்டில் ஒன்றை விட்டால் என் கதிதான்.

தொலைக்காட்சித் திரையை மூலைவிட்டத்தால் அளப்பதையும் சொல்லிவிடுகிறேன். 43 அங்குலம் என்றால் மூலைக்கு மூலை. 16:9 வாக்கில் அது சுமார் 37.5 × 21.1 அங்குலத் திரை, பரப்பு சுமார் 790 சதுர அங்குலம். அதே 43 அங்குலத்தைப் பழைய 4:3 வாக்கில் செய்தால் 34.4 × 25.8, அதாவது சுமார் 888. ஒரே மூலைவிட்டத்துக்குள் ஆக அதிகப் பரப்பு சதுரத்துக்குத்தான், அகலமாக்க ஆக்கப் பரப்பு குறையும்.

இனி வட்டத்தின் மேல் முனைகள் இருக்கும் பலகோணங்கள். இங்கேதான் விஷயம் இனிக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வானியல் எழுதிய தாலமியின் தேற்றம்: வட்ட நாற்கரத்தில் இரண்டு மூலைவிட்டங்களின் பெருக்கல், எதிர்ப்பக்கங்களை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம். பிரம்மகுப்தரும் 628இல் எழுதிய நூலில் வட்ட நாற்கரத்தின் மூலைவிட்ட நீளங்களுக்கு வழி சொல்லியிருக்கிறார். தாலமி கையில் இருந்தால் ஒழுங்கு ஐங்கோணம் இரண்டே வரிகளில் தன் ரகசியத்தைக் கக்கிவிடும். ஐந்து முனைகளில் நாலை மட்டும் எடுங்கள். அந்த நாற்கரத்தில் மூன்று பக்கம் ஐங்கோணத்தின் பக்கம் (அ), நாலாவது பக்கம் ஐங்கோணத்தின் மூலைவிட்டம் (ம), அதன் மூலைவிட்டங்கள் இரண்டும் ம. ஆக ம × ம = அ × அ + அ × ம. பக்கம் 1 என்றால் மூலைவிட்டத்தின் வர்க்கம் மூலைவிட்டத்தைவிட ஒன்று அதிகம். விடை 1.618 சொச்சம், பொன்விகிதம். இந்த எண்ணை நத்தை ஓட்டிலும் முக அழகிலும் தேடும் கட்டுரைகளைப் படித்து எனக்குச் சலித்துவிட்டது, ஆனால் ஐங்கோணத்தில் அதற்குச் சொந்த வீடு இருக்கிறது, யாரும் வலிந்து கொண்டுவந்து வைக்கவில்லை.

ஐந்து மூலைவிட்டங்களையும் போட்டால் நட்சத்திரம், நட்சத்திரத்தின் வயிற்றில் தலைகீழாக இன்னொரு ஐங்கோணம். அந்தக் குட்டி ஐங்கோணத்தின் மூலைவிட்டம் ம − அ, பக்கம் 2அ − ம. கோண அளவுகளை வைத்துப் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். இப்போது, அ, ம இரண்டும் ஏதோ ஒரு அலகில் முழு எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் குட்டியின் அளவுகளும் முழு எண்கள், அதற்குள் இருக்கும் குட்டிக்கும் அப்படியே, அதற்குள்ளும். ஐங்கோணத்துக்குள் ஐங்கோணம் முடிவில்லாமல் போகும், முழு எண்களோ குறைந்துகொண்டே முடிவில்லாமல் போக முடியாது. ஆக எவ்வளவு சின்ன அலகை எடுத்தாலும் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் மிச்சமில்லாமல் சேர்த்து அளக்க முடியாது. சதுரத்தின் மூலைவிட்டத்துக்கும் இதே கதி, அது 2இன் வர்க்கமூலம். விகிதமுறா எண் என்பதை மனிதர்கள் முதலில் எந்த உருவத்தில் கண்டார்கள், சதுரத்திலா ஐங்கோணத்திலா என்று அறிஞர்கள் வாதாடுவதுண்டு. என் ஓட்டு ஐங்கோணத்துக்கு, காரணம் இந்தப் படத்தில் நிரூபணம் கண்ணாலேயே தெரிகிறது.

எழுகோணத்தில் மூலைவிட்டம் இரண்டு வகை, ஒரு முனை தாண்டியது குட்டை, இரண்டு முனை தாண்டியது நெட்டை. நான் அவற்றைக் குறில், நெடில் என்றுதான் குறித்துக்கொள்வேன். அடுத்தடுத்த மூன்று முனைகளையும், அப்புறம் ஒரு முனை விட்டு அடுத்ததையும் எடுத்துத் தாலமியைப் போட்டால் குறில் × நெடில் = பக்கம் × குறில் + பக்கம் × நெடில் என்று வரும். மூன்றாலும் வகுத்தால் 1/பக்கம் = 1/குறில் + 1/நெடில். அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையவே முடியாத உருவம் ஒழுங்கு எழுகோணம், அதன் உள்ளே இப்படி ஒரு சுத்தமான உறவு.

இன்னொன்று, இதை முதலில் பார்த்தபோது நம்பாமல் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆரம் 1 உள்ள வட்டத்தில் ஒழுங்குப் பலகோணம் வரைந்து, ஒரு முனையிலிருந்து மற்ற எல்லா முனைகளுக்கும் உள்ள தூரங்களை (இரண்டு பக்கங்களையும் சேர்த்து) பெருக்கினால் வருவது பக்கங்களின் எண்ணிக்கை. அறுகோணத்தில் 1, √3, 2, √3, 1, பெருக்கினால் 6. எழுகோணத்தில் ஒவ்வொன்றும் அசிங்கமான தசமம், பெருக்கினால் துல்லியமாக 7. பெருக்காமல் வர்க்கங்களைக் கூட்டினால் எண்ணிக்கையின் இரண்டு மடங்கு.

சரி, எள்ளுக்கு வருவோம். மூலைவிட்டங்கள் எத்தனை இடத்தில் வெட்டிக்கொள்ளும்? குவிவுப் பலகோணத்தில் எந்த நாலு முனைகளை எடுத்தாலும் அவற்றுக்குள் ஒரே ஒரு வெட்டு உண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே ஒரு நாலு முனைக் கூட்டம் உண்டு. அதனால் வெட்டுகளின் எண்ணிக்கை, முனைகளிலிருந்து நாலைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை: நாற்கரத்துக்கு 1, ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 15, எழுகோணத்துக்கு 35. துண்டுகளோ 1 + மூலைவிட்டங்கள் + வெட்டுகள். அறுகோணத்துக்கு 1 + 9 + 15 = 25, என் காகிதத்தில் எண்ணியது. மூன்று நீளக் கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிட்டால் மூன்று வெட்டு ஒன்றாகிறது, 15 என்பது 13 புள்ளி. ஆனால் மூன்று கோடு கூடும் அந்தப் புள்ளியைத் துண்டுக் கணக்கில் இரண்டாக எண்ண வேண்டும், ஆக 1 + 9 + 14 = 24.

இதே எண்களிலிருந்து வரும் பிரபலமான ஏமாற்று ஒன்று உண்டு. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறு புள்ளிக்கு 32 என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். 31தான். அறுகோணத்தின் 25, அதற்கு வெளியே வட்டத்தை ஒட்டிய 6. அடுத்து 57, 99, 163 என்று இரட்டிப்பை மறந்து தன் வழியில் போய்க்கொண்டிருக்கும் வரிசை, பத்துப் புள்ளி வரும்போது திடீரென்று 256ஐத் தொடுகிறது, நம்மைக் கேலி செய்கிற மாதிரி.

ஒழுங்குப் பலகோணங்களில் எத்தனை வெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் என்பது பார்க்கிறபடி சுலபமான கேள்வி இல்லை. பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் எந்த மூன்று மூலைவிட்டங்களும் உள்ளே ஒரு புள்ளியில் சந்திப்பதே இல்லை. இரட்டைப்படையில்தான் கூத்து. 11 பக்கத்துக்கு 330 வெட்டுப்புள்ளிகள், 12 பக்கத்துக்கு 495 வர வேண்டிய இடத்தில் 301தான். முனை கூடியும் புள்ளிகள் குறைந்துவிட்டன! கெரிட் போல் 1936இலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். பூனன், ரூபின்ஸ்டைன் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் எல்லாப் பலகோணங்களுக்கும் பொருந்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது, 2520ஆல் வகுத்தால் என்ன மிச்சம் என்பதைப் பொறுத்து மாறும் சூத்திரம். மையத்தை விட்டுவிட்டால் ஒரு புள்ளியில் ஏழு மூலைவிட்டங்களுக்கு மேல் எந்த ஒழுங்குப் பலகோணத்திலும் சேராது என்றும் காட்டினார்கள்.

அவர்கள் கொடுத்த 30 பக்க உருவத்தின் கணக்கை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். 405 மூலைவிட்டங்கள், 16801 வெட்டுப்புள்ளிகள். அதில் இரண்டு கோடு வெட்டும் புள்ளி 13800, மூன்று கோடு 2250, நாலு 420, ஐந்து 180, ஆறு 120, ஏழு 30, மையத்தில் மட்டும் பதினைந்து கோடுகள் கூடும் ஒரே புள்ளி. மூன்று கோடு கூடுமிடத்தை 3 வெட்டாக, நாலு கோட்டை 6 வெட்டாக, இப்படியே பிரித்துக் கூட்டினால் 27405 வரும், 30இலிருந்து நாலைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் அத்தனைதான். கூட்டி முடித்து விடை சரியாக வந்தபோது வங்கிக் கணக்கு ஒத்துப்போனதைவிட அதிக நிம்மதி.

இனி என் அறுகோணம். எள் வராமல் இருக்க அறுகோணம் ஒழுங்காக இருந்தாக வேண்டும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆறு முனைகளும் ஒரு வட்டத்தின் மேல் இருந்தால், பக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றைப் பெருக்குங்கள், மிச்சம் மூன்றையும் பெருக்குங்கள், இரண்டும் சமம் என்றால் நீளக் கோடுகள் மூன்றும் ஒரு புள்ளியில் சேரும், சமம் இல்லையென்றால் சேராது. அப்புறம் பிரியான்ஷோன் 1806இல், இன்னும் மாணவராக இருந்தபோதே, இன்னொரு வழி கண்டுபிடித்தார்: ஆறு பக்கங்களும் உள்ளே இருக்கும் ஒரு வட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பக்கங்கள் சமமாக இருக்க வேண்டாம், கோணங்களும் சமமாக இருக்க வேண்டாம், நீள்வட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் மறுபடி ஒரு நீளமான அழைப்பு. இந்தத் தடவை முதலில் ஒரு பாட்டில் மூடியைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்தேன், அளவுகோலை மூடியின் ஓரத்தில் ஒட்டி இஷ்டத்துக்கு ஆறு தொடுகோடுகள், ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் பூதம் மாதிரி, பார்க்கவே சகிக்காத ஒரு அறுகோணம். மூடியை எடுத்துவிட்டு எதிரெதிர் முனைகளைச் சேர்த்தேன். மூன்று கோடும் வட்டத்தின் மையத்தைவிட்டு எங்கேயோ ஓரமாக, ஆனால் ஒரே இடத்தில், பென்சில் முனை தடிமனுக்கு ஒரு கறுப்புப் புள்ளியாகச் சேர்ந்தன. மிச்சம் ஆறு மூலைவிட்டங்களையும் இழுத்து, "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே துண்டுகளை எண்ணினேன். 24.